கோழியைப் பாம்பு தூக்கியதென்றால் முதலில் எலியைப் பாருங்கள்

கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இது: சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் காட்டை ஒட்டிய பழைய தரைவீடு. பின்கட்டில் கூண்டு வைத்து ஏழு கோழி வளர்க்கிறார்கள். சில மாதங்களாக எலித் தொல்லை. போன வாரம் இரண்டு கோழியைக் காணோம், ஓர் இறகுகூடக் கிடக்கவில்லை. வீட்டுப் பணிப்பெண் கால்வாயில் மலைப்பாம்பைப் பார்த்திருக்கிறார். இரவில் கூரைமேல் ஏதோ ஓடுகிறது, மரநாயாக இருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எலிக்கு எந்த விஷம் நல்லது, பாம்பை விரட்ட எதைத் தெளிப்பது என்று கேட்கிறார்.

கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: எதை முதலில் விரட்டுவது? என் பதில், பாம்பையும் மரநாயையும் நீங்கள் விரட்டவே வேண்டாம், விஷத்தையும் இப்போதைக்குத் தொடவேண்டாம். தீனி இருப்பதால் எலி வந்தது, எலி இருப்பதால் பாம்பு வந்தது, வந்த இடத்தில் கூண்டு பலவீனமாக இருந்ததால் கோழி போனது. இந்தச் சங்கிலியின் நடுவில் விஷத்தைக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன். நான் பல ஆண்டுகளாக பெஸ்ட் கன்ட்ரோல் வேலையில் இருப்பவன். லிம் சூ காங், கிராஞ்சிப் பண்ணைகளிலும் மண்டாய்ப் பக்கத்துத் தரைவீடுகளிலும்தான் பெரும்பாலும் வேலை. கால்நடை மருத்துவர் இல்லை, பாம்பு பிடிப்பவனும் இல்லை. அந்த இடங்களில் யாரைக் கேட்பது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

கோழியை யார் தூக்கியது என்பதை நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தடயம் நிறையச் சொல்லும். மலைப்பாம்பு இரையை முழுசாக விழுங்கும், அதனால் ரத்தமோ இறகுக் குவியலோ இருக்காது. பல சமயம் சின்ன இடுக்கு வழியாக நுழைந்து, விழுங்கிய பிறகு வயிறு உப்பி வெளியேற முடியாமல் காலையில் கூண்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். மரநாய் என்றால் பெரும்பாலும் கழுத்திலோ தலையிலோ கடி இருக்கும், பாதி தின்ற உடல் கிடக்கும். தெருநாய்க் கூட்டம் வந்தால் கம்பி கிழிந்திருக்கும், ஒன்றுக்கு நான்கு கோழி செத்துக் கிடக்கும், தின்னக்கூடச் செய்யாது. லிம் சூ காங் பக்கம் நான் பார்த்த பெரிய இழப்புகள் பாம்பால் அல்ல, நாயால்தான். உடும்பு பகலில் வரும், முட்டையும் குஞ்சும்தான் அதற்கு வேண்டும், வேலிக்கு அடியில் மண்ணைப் பறித்திருக்கும். எலியும் சும்மா இல்லை, முட்டையை உருட்டிக்கொண்டு போகும், தூங்கும் கோழியின் காலைக்கூடக் கடிக்கும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மலைப்பாம்பு என்றே தோன்றுகிறது. ஆனாலும் இரவில் படம் எடுக்கும் மலிவான கேமரா ஒன்றைக் கூண்டைப் பார்த்தபடி ஒரு வாரம் வைத்துவிடுங்கள். இரண்டு கால் திருடனாக இருந்தாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, எந்த எலி? இது தெரியாமல் பொறி வைத்தால் எலிக்குப் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். நம்மவர்கள் பெருச்சாளி என்று சொல்லும் தடித்த சாக்கடை எலிக்கு வால் உடம்பைவிடக் குட்டை. மண்ணில் வளை தோண்டும், வளையின் வாய் ஆறிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் அகலம் இருக்கும். புழுக்கை கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர், முனை மழுங்கியிருக்கும். கூரை எலி மெலிசு, வால் உடம்பைவிட நீளம், புழுக்கை சின்னது, முனை கூர்மை. அது குழாய், கேபிள், மரக்கிளை என்று மேலேயே நடமாடும். இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது இங்கே சாதாரணம். அப்புறம், சுவரோரமாகக் கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும் நீள மூக்குக்காரர் எலியே அல்ல, மூஞ்சூறு. கரப்பானையும் பூச்சியையும் தின்கிறவர். பிள்ளையாருக்காக இல்லாவிட்டாலும் கரப்பானுக்காக அவரை விட்டுவிடலாம்.

இப்போது முக்கியமான விஷயம், தீனி. ஒரு கோழி நாளுக்குச் சுமார் 110 கிராம் தின்னும். ஏழு கோழிக்குக் கிட்டத்தட்ட 770 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு தரையில் சிந்தினாலே 77 கிராம். வளர்ந்த எலி ஒன்றுக்கு நாளுக்கு 25 கிராம் போதும். ஆகக் கோழி சிந்துவதை வைத்தே மூன்று எலி சொகுசாக வாழலாம். தீனித் தொட்டியை இரவிலும் கூண்டிலேயே விட்டுவைத்தால் கணக்கே கிடையாது. மாலை கோழி அடையும்போது தொட்டியை எடுத்து உள்ளே வையுங்கள். மூட்டையை மூடி இறுகும் தகரப் பீப்பாயில் கொட்டி வையுங்கள், பிளாஸ்டிக் வாளியை எலி ஓரிரு இரவில் கடித்துவிடும். கோழி மேடையில் மிதித்தால் மட்டும் திறக்கும் தொட்டி விற்கிறார்கள், விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நான் பார்த்த இடங்களில் பலன் தந்திருக்கிறது.

உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது, அம்மா தினமும் காலையில் மதில்மேல் காக்கைக்குச் சோறு வைக்கிறார் என்று. அதை நிறுத்தச் சொல்வது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் காகம் விட்டுப் போன சோற்றை முடிப்பது எலிதான். சட்டமும் இடம் தரவில்லை. 2020 ஜூனிலிருந்து நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி காட்டு விலங்குகளுக்கு வேண்டுமென்றே உணவளிப்பது குற்றம், பறவைகளும் அதில் அடக்கம். முதல்முறை 5,000 வெள்ளி வரை, மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம். படையலைச் சாமி அறையிலேயே வைத்து, பிறகு வீட்டார் சாப்பிட்டுவிடலாம் என்று அம்மாவிடம் பக்குவமாகப் பேசிப் பாருங்கள். சிக்கு (சப்போட்டா) மரத்தடியில் விழும் பழம், நாய்க்கிண்ணத்து மிச்சம், மூடியில்லாத உரக்குழி இவற்றையும் அதே கண்ணோடு பாருங்கள். மரநாய் உங்கள் வீட்டைச் சுற்றுவதும் பெரும்பாலும் அந்தச் சிக்குப் பழத்துக்காகத்தான் இருக்கும்.

கூண்டுக்கு வருவோம். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் உதவும், வெளியிலிருந்து வருகிறவனை அது தடுக்காது. நாய் கிழிக்கும், எலி நுழையும், முட்டையிலிருந்து வந்த மலைப்பாம்புக் குட்டி தாராளமாகப் புகும். 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள, பற்றவைத்த துருப்பிடிக்காத கம்பிவலை வாங்குங்கள். இங்கே தரைவீட்டில் பத்துக்கு மேல் கோழி வைத்திருக்கக்கூடாது என்பதும், பறவைக்காய்ச்சல் காரணமாகக் கூரை போட்டு, 2 சென்டிமீட்டருக்கு மேல் கண் இல்லாத வலையால் காட்டுப் பறவை நுழையாமல் அடைத்திருக்கவேண்டும் என்பதும் விதி. ஆக 12 மில்லிமீட்டர் வலை சட்டத்துக்கும் பொருந்தும். எலிக்குஞ்சு அதிலும் நெளிந்து புகலாம். அதையும் தடுக்கவேண்டுமென்றால் கீழ்ப்பகுதி அரை மீட்டருக்கு மட்டும் 6 மில்லிமீட்டர் வலையை இரண்டாவது அடுக்காகப் போடுங்கள். தரை சிமெண்ட் என்றால் நல்லது. மண் தரை என்றால் வலையை ஓர் அடி ஆழம் புதையுங்கள். அல்லது கூண்டைச் சுற்றி வெளிப்பக்கமாகத் தரையோடு தரையாக ஒன்றரை அடி விரித்து, மேலே மண்ணும் கல்லும் போடுங்கள். தோண்டுகிற மிருகம் வேலியின் அடியில்தான் தோண்டும், பின்னால் தள்ளிப்போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. கதவுக்குக் கீழே உள்ள இடைவெளியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பாம்பு நுழைந்த வழி பெரும்பாலும் அதுதான்.

வீட்டுச் சுவரில் குழாய், ஏர்கான் செப்புக்குழாய் போகும் துளைகளைத் துருப்பிடிக்காத வலையைச் சுருட்டித் திணித்து, மேலே சிமெண்ட் பூசுங்கள். விரிந்து கெட்டியாகும் நுரையை மட்டும் அடித்துவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு, அது எலிக்குப் பல்லுக்கு வேலை கொடுக்கும், அவ்வளவே. சாதாரண இரும்புக் கம்பளி நம் ஊர் ஈரத்தில் சீக்கிரம் துருவாகிக் கொட்டிவிடும். கூரையை நோக்கி நீளும் கிளைகளை ஒன்றரை மீட்டர் தள்ளி வெட்டுங்கள், எலி ஒரு மீட்டருக்கு மேல் தாவும்.

இதெல்லாம் செய்த பிறகு பொறி. வரிசையை மாற்றினால் வேலைக்கு ஆகாது, தீனி தாராளமாகக் கிடக்கும்போது பொறியிலிருக்கும் கருவாட்டுத் துண்டை எந்த எலியும் சட்டை செய்யாது. எலிக்குப் புதிய பொருள் என்றாலே பயம். அதனால் அடிக்கும் பொறியை விசையேற்றாமல், இரைமட்டும் வைத்து, நான்கைந்து நாள் விடுங்கள். பயம் தெளிந்து தின்னத் தொடங்கியதும் எல்லாப் பொறியையும் ஒரே இரவில் விசையேற்றுங்கள். சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வைக்கவேண்டும். ஒன்றிரண்டு போதாது, ஒரு டஜனாவது வேண்டும். கோழியும் குழந்தையும் மூஞ்சூறும் மாட்டாமல் இருக்கப் பெட்டிக்குள் வையுங்கள். ஒட்டும் பலகை வேண்டவே வேண்டாம். எலி அதில் மணிக்கணக்கில் துடிக்கும், பாம்பும் ஓணானும் குருவியும் வந்து ஒட்டிக்கொள்ளும். உயிரோடு பிடிக்கும் கூண்டில் விழுந்ததைக் காட்டில் கொண்டுபோய் விடுவதும் புண்ணியமல்ல, வேறொருவர் வீட்டுக்குத்தான் அனுப்புகிறீர்கள்.

விஷத்துக்கு வருகிறேன். கடைகளில் கிடைக்கும் நீலம், பச்சை, சிவப்புக் கட்டிகளில் பெரும்பாலும் இருப்பது புரோடிஃபாகம், புரோமடியோலோன் போன்ற இரண்டாம் தலைமுறை ரத்தம் உறையாமல் செய்யும் மருந்துகள். தின்ற எலி உடனே சாகாது, மூன்றிலிருந்து ஏழு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதுவரை அது மேலும் மேலும் விஷத்தைத் தின்றபடி, தடுமாறிக்கொண்டு, பகலிலும் வெளியே திரியும். அப்படிப்பட்ட எலிதான் ஆந்தைக்கும் மரநாய்க்கும் உங்கள் வீட்டு நாய்க்கும் எளிதில் கிடைக்கும். மருந்து ஈரலில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால் இரண்டு மூன்று எலி தின்றால் சேர்ந்துகொண்டே போகும். இது ஊகம் அல்ல. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் எலிக்காகப் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள் என்பதைத் தோட்டங்களில் உறவினர்கள் உள்ளவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய வார்ஃபரினிலிருந்து இந்த வகை விஷத்துக்கு மாறிய தோட்டங்களில் கூகைகள் சரிந்தது பதிவாகியிருக்கிறது. மலைப்பாம்பு விஷயத்தில் நான் அவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன், ஊர்வனவற்றை இந்த மருந்து பாலூட்டிகளைப்போல் எளிதில் கொல்வதில்லை. ஆனால் எலியைத் தின்கிற கூட்டத்தைக் குறைத்துவிட்டு எலி குறையும் என்று எதிர்பார்ப்பதில் கணக்கு உதைக்கிறது. பெண் எலி மூன்று வாரத்தில் ஈனும், ஒரு ஈற்றுக்கு ஆறு முதல் பன்னிரண்டு குட்டி, அவை இரண்டு மூன்று மாதத்தில் தாயாகும். ஆந்தை அந்த வேகத்தில் பெருகாது.

எலி அளவுக்கு மீறிவிட்டது, குழந்தை இருக்கிற வீடு, வேறு வழியில்லை என்ற நிலை வரலாம். அப்போது தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நிறுவனத்தை அழையுங்கள். பூட்டிய இரைப்பெட்டி வைக்கவேண்டும், என்ன மருந்து என்று எழுதித் தரவேண்டும், செத்த எலியைத் தேடி எடுக்கவேண்டும், வேலை முடிந்ததும் மிச்சத்தை அகற்றவேண்டும் என்று முன்கூட்டியே பேசுங்கள். மாதாமாதம் கட்டி வைத்துவிட்டுப் போவதை மட்டும் சேவை என்று விற்பவரை விட்டுவிடுங்கள். ஜொகூரிலிருந்து யாரோ வாங்கி வந்த, லேபிள் இல்லாத மருந்தைத் தொடவே வேண்டாம். நாய் விஷத்தைத் தின்றுவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் பெட்டியோடு போங்கள். வைட்டமின் கே1 மாற்று மருந்து, ரத்தம் கசியத் தொடங்குமுன் கொடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும்.

பாம்பை விரட்ட எதைத் தெளிக்கலாம்? எதையும் வேண்டாம். கந்தகம், பூண்டுத் தண்ணீர், கார்பாலிக் சோப்பு, ஒலி எழுப்பும் கருவி, எதுவும் வேலை செய்வதாக நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. பூச்சி உருண்டையைக் கொட்டினால் கோழிக்கும் குழந்தைக்கும்தான் கெடுதல். வாசலில் சிறியாநங்கை வைத்தால் பாம்பு அண்டாது என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். செடி அழகாக இருக்கும், வையுங்கள், ஆனால் அதை நம்பிக் கதவடி இடுக்கை அடைக்காமல் விடாதீர்கள். மலைப்பாம்பு இந்த மண்ணின் பிராணி, விஷமில்லாதது. நம் கால்வாய்களில் அது எலி தின்றுதான் வளர்கிறது. கால்வாயில் போனால் போகட்டும். கூண்டுக்குள்ளோ வீட்டுக்குள்ளோ இருந்தால் கதவைச் சாத்திவிட்டுத் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600, அல்லது ஏக்கர்ஸ் அமைப்பின் மீட்பு எண் 9783 7782, இரண்டில் ஒன்றை அழையுங்கள். நீங்களே அடிப்பதும் பிடிப்பதும் சட்டப்படி குற்றம், சிறையும் உண்டு. பெரிய மலைப்பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்தவை, கையை இழுத்தால் தசை கிழியும்.

கறுப்பாக, படமெடுத்து நின்றால் கதை வேறு. நம் காட்டோரங்களில் உமிழும் நாகம் உண்டு, இரண்டு மீட்டர் தூரம்வரை கண்ணைக் குறிவைத்து விஷத்தைப் பீச்சும். கண்ணில் பட்டால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் குறைந்தது கால்மணி நேரம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். எந்தப் பாம்பு கடித்தாலும் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து ஆம்புலன்ஸ் எண் 995ஐ அழையுங்கள்.

பூனை வளர்த்தால் தீருமா என்று கேட்டிருந்தீர்கள். குட்டி எலியைப் பிடிக்கும், முரட்டுப் பெருச்சாளியோடு பெரும்பாலான பூனைகள் மோதாது. நியூயார்க் புரூக்ளினில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், பூனை நடமாட்டத்தைக் கண்டு எலிகள் ஒளிந்துகொண்டனவே தவிர, பிடிபட்டவை மிகச் சிலதான். அதோடு, மலைப்பாம்பு இருக்கும் இடத்தில் பூனையை இரவில் வெளியே விடுவது அதற்கு இன்னொரு தட்டு வைப்பதுதான்.

கூரையில் ஓடுவது மரநாயா எலியா என்பதைச் சத்தத்தில் கண்டுபிடிக்கலாம்: தடதடவென்று கனமாக, பொழுது சாய்ந்ததும் வெளியேறி விடியுமுன் திரும்பினால் மரநாய். இராத்திரி முழுக்கச் சுரண்டலும் கொறிக்கும் சத்தமுமாக இருந்தால் எலி. மரநாயின் எச்சத்தில் பழக்கொட்டை நிறைந்திருக்கும். ஓட்டையை அவசரமாக அடைக்கவேண்டாம், உள்ளே குட்டி இருந்தால் தாய் வெளியே மாட்டிக்கொண்டு கூரையையே பிய்க்கும், குட்டி உள்ளே செத்து நாறும். குட்டிகள் தாயோடு வெளியே நடமாடத் தொடங்கும்வரை பொறுங்கள். சந்தேகமானால் மேலே சொன்ன இரண்டு எண்களில் ஒன்றைக் கேளுங்கள். எல்லாம் வெளியேறியது உறுதியான பிறகு, இரவில் அவை போனதும் ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

கடைசியாகச் சுத்தம் செய்யும்போது கவனம். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசி மூக்கில் ஏறும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, பத்து நிமிடம் விட்டு, கையுறையோடு துடையுங்கள். மழைக்குப் பிறகு கூண்டுப் பக்கம் வெறுங்காலோடு போகவேண்டாம். எலி மூத்திரம் கலந்த சேற்றிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக உள்ளே போகும். சுத்தம் செய்து இரண்டு மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலில் கடும் வலி என்று வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று விடாமல் டாக்டரிடம் போங்கள். வீட்டில் எலி இருந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், டெங்கி என்று மட்டும் நினைத்துவிடாமல் அவர் இதையும் சோதித்துப் பார்ப்பார்.